மீண்டும் அல்ட்ராமேன்: 23 பகுதிகள் முடிந்தன

பத்து வயதில் பார்த்த 'அல்ட்ராமேன்' தொடரை மறுபடி முதலிலிருந்து பார்க்கத் தொடங்கி மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. ராட்சத வீரன் அல்ட்ராமேன் பகுதிக்கொரு ராட்சத மிருகத்தோடு மோதும் கதை; 1966 ஜூலை முதல் 1967 ஏப்ரல் வரை ஜப்பானின் டிபிஎஸ் தொலைக்காட்சியில் ஓடிய தொடர். மொத்தம் 39 பகுதிகள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பகுதி என்று வைத்துக்கொண்டேன்.

முதல் சில நாட்கள் கண் முழுக்க நடிகர்கள் மாட்டிக்கொண்டு வரும் வேட உடைகள் மேல்தான் இருந்தது. ஆரம்பத்தில் அல்ட்ராமேனின் வாயோரம் சுருக்கம் சுருக்கமாக இருக்கிறது, 14ஆம் பகுதியில் முகம் வழவழப்பாகிவிடுகிறது. சின்ன வயதில் இது கண்ணில் படவே இல்லை. 10ஆம் பகுதியில் வரும் ஜிராஸ் என்ற மிருகத்தின் கழுத்துப்பட்டையை அல்ட்ராமேன் பிய்த்து எறிந்ததும் அங்கே நிற்பது சாட்சாத் காட்ஸில்லா! காட்ஸில்லா படங்களுக்குத் தந்திரக்காட்சி அமைத்த எய்ஜி த்சுபுராயாவின் நிறுவனம்தான் இந்தத் தொடரையும் எடுத்தது. அதனால் அந்த உடையையே எடுத்து மாட்டிவிட்டார்கள். அன்று நான் அதைப் புது மிருகம் என்றே நம்பினேன். இன்றும் அந்தச் சண்டை பிடிக்கிறது.

அப்புறம் 23ஆம் பகுதி. ஜமிலா.

எனக்கு நினைவில் இருந்தது ஒன்றே ஒன்று: தண்ணீர் பட்டால் செத்துப்போகும் மிருகம். அல்ட்ராமேன் கையிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சியபோது நான் கைதட்டினேன். கதையை இப்போதுதான் கேட்கிறேன். ஜமிலா ஒரு விண்வெளி வீரன். தண்ணீரே இல்லாத கிரகத்தில் போய் மாட்டிக்கொள்கிறான். அனுப்பிய நாடு விஷயத்தை மூடி மறைத்துவிடுகிறது. அங்கே கிடந்து உடம்பு உருமாறி, பழிவாங்கப் பூமிக்குத் திரும்புகிறான். அவன் யார் என்பது வெளியே தெரியாமல், மிருகமாகவே கொன்றுவிடுங்கள் என்று தலைமையகம் உத்தரவிடுகிறது. மிருகங்களை எதிர்த்து நிற்கும் காவல்படையின் கலகலப்பான ஆள் இடே. அவனே துப்பாக்கியைத் தூக்க மறுக்கிறான்.

முடிவில் ஜமிலா சேற்றில் புரண்டு, பல நாட்டுக் கொடிகளை நோக்கிக் கையை நீட்டியபடி கதறுகிறான். அந்தக் கதறல் குழந்தை அழுகை போலத் தேய்ந்துகொண்டே போகிறது. தண்ணீருக்கு ஏங்கியவனைத் தண்ணீராலேயே கொல்கிறார்கள். பிறகு அவன் பேரில் ஒரு கல்வெட்டு வைத்துப் புகழ்கிறார்கள். அழகெல்லாம் சொல்லில் மட்டும்தான் என்று இடே கசந்துபோய்ப் பேசுகிறான். இயக்கியவர் அகியோ ஜிஸ்ஸோஜி, எழுதியவர் மமோரு சசாகி. சிறுவர்களுக்கான அரைமணி நேரத் தொடரில் இதைத் துணிந்து வைத்திருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது.

ஜமிலாவுக்குக் கழுத்து கிடையாது, தலை நேராகத் தோளில் கலந்துவிடும். ஜப்பானியப் பிள்ளைகள் சட்டையை முகத்தைச் சுற்றி மேலே இழுத்துவிட்டு 'ஜமிலா' விளையாடுவார்களாம். அவர்களும் பெரியவர்களான பின் இந்தப் பகுதியைத் திரும்பப் பார்த்திருப்பார்களா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

இரண்டு இரவாக 24ஐ ஓடவிடவில்லை. ஜிஸ்ஸோஜி இயக்கியவற்றில் இன்னும் 34ம் 35ம் மிச்சம் இருக்கின்றன. சரி, நாளை தொடர வேண்டும்.