4,29,49,67,297-ஐ ஐந்தே வகுத்தலில் உடைத்த கதை

2-இன் 32-ஆம் அடுக்கோடு ஒன்றைக் கூட்டினால் 4,29,49,67,297. இதை கால்குலேட்டர் தொடாமல், நோட்டிலேயே பகாக் காரணிகளாகப் பிரித்துவிட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. இதே அமைப்பில், அதாவது 2-இன் 1, 2, 4, 8, 16-ஆம் அடுக்குகளோடு ஒன்றைக் கூட்டினால், முன்னால் வரும் 3, 5, 17, 257, 65537 ஐந்துமே பகா எண்கள். அதனால் இதுவும் பகா எண்தான் என்று கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் இன்னொரு கணித அறிஞரான ஆய்லர்தான் இல்லை என்று காட்டினார்.

வர்க்கமூலம் 65,536-ஐ ஒட்டி வருகிறது. அதற்குள் 6,542 பகா எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாக வகுப்பது நடக்கிற காரியமில்லை. ஆய்லர் கண்ட வழியை லூக்காஸ் என்ற கணித அறிஞர் பிற்பாடு இன்னும் கூர்மையாக்கினார்: இதன் எந்தப் பகாக் காரணியும் 128-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்கும். வரிசையாக எழுதினேன்: 129, 257, 385, 513, 641. இதில் 129, 385, 513 பகா எண்களே அல்ல. 257-ஆல் வகுத்துப் பார்க்கவும் வேண்டாம். 256-இன் நான்காம் அடுக்குதான் 2-இன் 32-ஆம் அடுக்கு. 257-ஆல் வகுக்கும்போது 256 என்பது மீதி −1 மாதிரி, நான்கு முறை பெருக்கினால் 1, அதோடு கூட்டிய அந்த ஒன்று. ஆக மீதி 2.

அப்போது முதல் வகுத்தலே 641!

4294-இல் 6 முறை, மீதி 448. 4489-இல் 7 முறை, மீதி வெறும் 2. இங்கேதான் சறுக்கினேன். 6-ஐ இறக்கினால் 26, 7-ஐ இறக்கினால் 267. இரண்டுமே 641-க்குப் போதாது, ஈவில் இரண்டு சுழியம் போட வேண்டும். நான் ஒன்றுதான் போட்டிருந்தேன். 6,70,417 என்று வந்ததைத் திருப்பிப் பெருக்கினால் ஒன்பது இலக்கம்தான் கிடைத்தது. பக்கத்தைத் திருப்பிப் புதிதாக வகுத்தேன். கடைசி அடியில் 4487 நின்றது, சரியாக 641-இன் 7 மடங்கு. மீதி 0. ஈவு 67,00,417.

சரி, இந்த ஈவு பகா எண்தானா? நான் அதிகம் பயந்தது இதற்குத்தான். ஆனால் இதன் காரணி பெரிய எண்ணுக்கும் காரணி என்பதால் அதே 128 விதி இங்கேயும் செல்லும். வர்க்கமூலம் 2,588 சொச்சம். 257 முன்பே கழிந்துவிட்டதால், அதற்குள் தேறும் பகா எண்கள் 641, 769, 1153, 1409 நான்கே. மீதிகள் முறையே 44, 120, 334, 622. ஒன்றுகூட வகுக்கவில்லை, எனவே பகா எண்தான். முழு வேலைக்கும் மொத்தம் ஐந்து வகுத்தல்!

அப்புறம் இன்னொன்றும் செய்து பார்த்தேன். 641 என்பது 25², 4² இரண்டின் கூட்டுத்தொகை. 67,00,417 என்பது 2556², 409² இரண்டின் கூட்டுத்தொகை. இவற்றைக் குறுக்கே பெருக்கினால் பெரிய எண்ணையும் இரு வர்க்கங்களாக எழுதலாம், அதுவும் இரண்டு விதமாக. ஒரு விதம் 62264² + 20449². மற்றதற்கு 25-ஐ 2556-ஆல் பெருக்கி, 4-ஐ 409-ஆல் பெருக்கிக் கூட்டினேன்: 65536. அடுத்து 25 × 409 = 10225, 4 × 2556 = 10224. கழித்தால் 1. தொடங்கிய 65536² + 1 அப்படியே திரும்பி வந்து நின்றது.