கொடியில் காயும் துணியைப் பார்

நாங்கள் வீடு பார்த்தது ஆகஸ்ட் மாதத்தில். செய்த முதல் தப்பே அதுதான்.

ஸ்பெயினின் தெற்குக் கரையில், மாலகாவிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத் தூரத்தில் இருக்கிறது இந்த ஊர். எழுத்துக்கூட்டி வாசித்தால் ஃபுயெங்கிரோலா. ஊர்க்காரர்கள் வாயில் அது ஃபுவென்ஹிரோலா. ஆகஸ்டில் கடலோர நடைபாதையில் கால் வைக்க இடமில்லை. திரும்பிய பக்கமெல்லாம் குழந்தைகள், தள்ளுவண்டிகள், வழியும் ஐஸ்கிரீம். பிள்ளையை வளர்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்குமா என்று, கடலைப் பார்த்த ஏழாவது மாடி வீட்டுக்கு அன்றைக்கே முன்பணம் கொடுத்துவிட்டோம். தூத்துக்குடிக்காரிக்கு ஜன்னலில் கடல் தெரிந்தால் போதும், வேறு எதுவும் யோசிக்கத் தோன்றாது.

அக்டோபர் 12-ஆம் தேதியோடு ஊர்த் திருவிழா முடிந்தது. அப்புறம் கோடைக்கு வந்திருந்தவர்கள் ஒவ்வொரு வீடாக பெர்சியானாவை இறக்கிவிட்டுக் கிளம்பினார்கள். பெர்சியானா என்பது ஜன்னலுக்கு வெளியே மேலிருந்து கீழாக இறங்கும் பட்டைத் திரை. நம் ஊர்க் கடை ஷட்டர் மாதிரி. நவம்பரில் ஒருநாள் ராத்திரி குப்பை போடக் கீழே போனவள் அண்ணாந்து எண்ணிப் பார்த்தேன். அறுபது சொச்சம் வீடுகள். விளக்கு எரிந்தது நான்கில். அதில் ஒன்று எங்களுடையது. மகளுக்கு அப்போது இரண்டரை வயது. லிஃப்டில் யாராவது ஏறினால் பயந்துபோய் என் காலைக் கட்டிக்கொள்வாள். மனிதர்களைப் பார்த்தே அவ்வளவு நாள் ஆகியிருந்தது.

ஒப்பந்தத்திலும் ஏமாந்திருந்தோம். செப்டம்பர் முதல் ஜூன் வரை என்று போட்டிருந்ததை, 'இங்கே எல்லாரும் இப்படித்தான் போடுவார்கள்' என்று தரகர் சொன்னதும் நம்பிக் கையெழுத்துப் போட்டாயிற்று. அது பருவகால ஒப்பந்தம். ஜூலை, ஆகஸ்டில் வாரக் கணக்கில் சுற்றுலாக்காரர்களுக்கு விட்டால் கிடைக்கும் காசு, எங்களிடம் பல மாத வாடகைக்குச் சமம். அதனால் கோடை வந்தால் நாங்கள் பெட்டி கட்ட வேண்டும். சாதாரணக் குடியிருப்பு ஒப்பந்தம் என்றால், வீட்டுக்காரர் தனிநபராக இருக்கும் பட்சத்தில் 5 வருடம் வரை இருக்க வாடகைதாரருக்குச் சட்டப்படி உரிமை உண்டு. இது தெரிய எங்களுக்கு நான்கு மாதம் ஆனது. போதாததற்கு, 'இந்த முகவரியில் பத்ரோன் பதியக் கூடாது' என்று வாய்மொழியாக ஒரு நிபந்தனை வேறு. பத்ரோன் என்பது நகராட்சியின் குடியிருப்போர் பதிவேடு. ஆரம்பச் சுகாதார மையம் எது, மகளுக்கு எந்தப் பள்ளியில் முன்னுரிமை, எல்லாம் அந்தப் பதிவைப் பிடித்துக்கொண்டுதான் வரும். இந்த ஊர் இருக்கும் அந்தலூசியா மாநிலத்தில் பள்ளி விண்ணப்பம் மார்ச் மாதம். பிள்ளைக்கு மூன்று வயது நிறையும் ஆண்டிலேயே அரசுப் பள்ளியில் இலவசமாகச் சேர்க்கலாம். ஆக, ஜனவரியில் மறுபடி வீடு தேட இறங்கினோம்.

இந்த முறை புத்தி வந்திருந்தது. பகலில் போகவில்லை, சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல், வாரநாட்களில், குளிரில் நடந்தோம்.

இதே ஊரின் தொர்ரேபிளாங்கா பகுதியில் பார்த்த வீடு அழகோ அழகு. மாடியில் நின்றால் மொத்தக் கடலும் கண்ணுக்குள். ஆனால் அந்தப் பகுதி மேட்டில் இருக்கிறது. ரயில் நிலையத்திலிருந்து தள்ளுவண்டியையும் காய்கறிப் பையையும் தள்ளிக்கொண்டு ஒரே ஒரு தடவை ஏறினேன். வழியில் மூன்று இடத்தில் நின்றேன். அதோடு சரி. லோஸ் பாக்கோஸ் அமைதியான பகுதி, தோட்டம் வைத்த வீடுகள். ஃபின்லாந்துக்காரர்கள் நிறைய, அவர்களுக்கென்று தனிப் பள்ளியே இருக்கிறது. குழந்தைகளுக்குக் குறைவில்லை, ஆனால் ஸ்பானிஷே தட்டுத்தடுமாறும் வீட்டில் ஃபின்னிஷுக்கும் எங்கே போவது?

வழி காட்டியது என் கணவரோடு வேலை பார்க்கும் மாலகாக்காரர் ஒருவர். "கட்டடத்தின் முகப்பைப் பார்க்காதே. பின்பக்கம் போய்க் கொடியைப் பார்" என்றாராம். அடுக்குமாடிகளுக்கு நடுவே கிணறு மாதிரி ஒரு உள்முற்றம் இருக்கும். சமையலறை ஜன்னலுக்கு வெளியே கப்பி வைத்து இழுக்கும் துணிக்கொடி அங்கேதான். வெறும் துண்டும் நீச்சல் உடையும் தொங்கினால் அது சுற்றுலாக் கட்டடம். 'பாபி' தொங்கினால் அங்கே குடும்பங்கள் இருக்கின்றன. பாபி என்றால் மழலை வகுப்புப் பிள்ளைகள் சட்டைக்கு மேல் போட்டுக்கொள்ளும் கட்டம் போட்ட மேலங்கி. வர்ணமும் பிசினும் அப்பி, வாரக் கடைசியில் துவைக்க வீட்டுக்கு வரும்.

லோஸ் பொலிச்செஸ் பகுதியில், கடலிலிருந்து நான்கு தெரு உள்ளே, ஒரு முற்றத்தில் ஆறு பாபிகளை எண்ணினேன். நீலக் கட்டம் நான்கு, பச்சை இரண்டு. வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே மனம் விழுந்துவிட்டது.

பழைய மீனவர் குடியிருப்பு இது. கடல் தெரியாது, உப்புக்காற்று மட்டும் வரும். பள்ளிக்கூடம் நடந்து ஐந்து நிமிடம். இதைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது: பள்ளி காலை 9 முதல் 2 மணி வரைதான். மதியச் சாப்பாட்டுக்கும் அங்கேயே விட்டால் 4 மணி வரை இருக்கலாம். அதற்குள் யாராவது ஓட வேண்டும், அந்த யாராவது பெரும்பாலும் நான்தான். கணவருக்கு ரயில் நிலையம் பக்கம். மாலகாவுக்கு 20 நிமிடத்துக்கு ஒரு வண்டி.

குளிரைப் பற்றி யாரும் எங்களிடம் சொல்லவில்லை. கோஸ்தா தெல் சோல், அதாவது சூரியக் கரை என்று பெயர் வைத்திருக்கிறார்களே தவிர, ஜனவரியில் வெளியைவிட வீட்டுக்குள் குளிர் அதிகம். தரையெல்லாம் கல். பல வீடுகளில் சூடேற்றும் வசதியே இல்லை. கடலோர வீட்டில் வடக்குப் பார்த்த படுக்கையறைச் சுவரில் பூஞ்சணம் படர்ந்து, மகளின் இருமல் பிப்ரவரி வரை நிற்கவில்லை. எனவே புது வீட்டில் நான் கேட்ட முதல் கேள்வி, குளிர்காலத்தில் வெயில் எந்த அறைக்கு வரும் என்பதுதான். தெற்கு ஜன்னலில் சரிவாக விழும் அந்த வெயில் கூடத்தின் பாதி வரை வருகிறது. கீழ் வீட்டுப் பாட்டியிடம் வட்ட மேசை ஒன்று உண்டு. தரை தொடும் கனத்த துணி போர்த்தி, அடியில் சின்ன மின்சார அடுப்பு. காலை உள்ளே விட்டுக்கொண்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசே வராது. மகள் ஒருநாள் அந்தத் துணிக்குள்ளேயே சுருண்டு தூங்கிவிட்டாள்.

குறை இல்லாமல் இல்லை. ராத்திரி பத்து மணிக்கும் சதுக்கத்தில் பிள்ளைகள் பந்து உதைக்கிறார்கள். சுவரில் மோதும் சத்தம் தலைக்குள் கேட்கும். கார் நிறுத்த இடம் கிடைத்தால் அன்றைக்கு அதிர்ஷ்டம். ஆனால் மீன்! திங்கட்கிழமை மட்டும் வாங்காதே, ஞாயிறு படகு போகாது என்று சொல்லிக் கொடுத்ததும் அந்தப் பாட்டிதான். இங்கே பொக்கெரோன் என்பது நம் நெத்திலிதான். மாலகாக்காரர்களுக்குப் பட்டப்பெயரே பொக்கெரோன். அந்த ஊரோடு எனக்கு ஒட்டுதல் வந்தது அதைக் கேட்ட பிறகுதான்.

போன வாரம் எங்கள் கொடியிலிருந்து மகளின் பாபி நழுவிக் கீழே பாட்டியின் முற்றத்தில் விழுந்தது. வாங்கப் போனால், அதற்குள் துவைத்து இஸ்திரியே போட்டு வைத்திருக்கிறார். "பாட்டிக்கு என்ன சொல்லணும்?" என்றேன். "கிராசியா" என்றாள் மகள். "கிராசியாஸ்" என்று நான் திருத்தினேன். இந்தப் பக்கம் கடைசி 'ஸ்' எழுத்தை யாரும் வாயில் போடுவதில்லை. பாட்டியும் பேத்தி மாதிரி அவளும் சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.