எந்த ஆண்டு தொடங்கிய சபை?

வெள்ளிவிழா மலர், பொன்விழா மலர் என்று பேச்சு வந்தால்தான் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துப் பெந்தெகொஸ்தே சபைகள் தங்கள் வரலாற்றைத் தேடத் தொடங்கும். மெதடிஸ்தருக்கு இந்தத் தொல்லை குறைவு. 1814இல் மிஷனரி வில்லியம் ஆல்ட் வந்த காலம்தொட்டு அவர்களிடம் கடிதமும் பதிவேடும் உண்டு. பெந்தெகொஸ்தே சபையோ யாரோ ஒருவர் வீட்டு விறாந்தையில் பாய் விரித்துத் தொடங்கியது. அன்றைக்கு யார் குறிப்பு எழுதினார்கள்?

பல மலர்களில் 1920களில் பெந்தெகொஸ்தே மிஷனரிகள் அன்னா லெவினியும் வால்டர் கிளிபர்டும் கொழும்பில் செய்த ஊழியம் பக்கம் பக்கமாக இருக்கும். இந்த ஊருக்கு முதலில் வந்த ஊழியக்காரர் எந்த வீட்டில் தங்கினார் என்பதற்கு ஒரு வரி கிடைக்காது.

முதல் சண்டை தொடக்க ஆண்டில்தான். வீட்டு ஜெபம் தொடங்கியது, முதல் ஞானஸ்நானம், காணி வாங்கியது, கட்டடப் பிரதிஷ்டை என நான்கு தேதிகள் இருக்கும். நான்கையும் அச்சிடுவதே நல்லது. எழுத்துச் சான்று அதிகம் கிடைப்பது ஞானஸ்நானத்துக்கு. ஆனால் அந்தப் பதிவேட்டையும் கவனமாக வாசிக்க வேண்டும். கடலில் முழுக்கு என்று எழுதி, தேதி டிசம்பர் என்றிருந்தால் சந்தேகப்படலாம். வாடைக் காற்றுக் காலத்தில் இந்தக் கரையில் கடல் கொந்தளிக்கும். ஒன்று, வாவியில் நடந்திருக்கும். இல்லாவிட்டால் அது கொப்பியில் பதிந்த தேதியாக இருக்கும். பெயரிலும் சிக்கல் உண்டு. அடையாள அட்டையில் இராசம்மா, பதிவேட்டில் ரூத். தகப்பன் பெயரையும் பிறந்த தேதியையும் ஒப்பிடாவிட்டால் ஒரே ஆள் இரண்டு விசுவாசிகளாகிவிடுவார்.

வயதானவர்களிடம் "எந்த ஆண்டு?" என்று கேட்டால் பதில் வராது. "புயலுக்கு முந்தியா, பிந்தியா அம்மா?" என்று கேட்டால் உடனே வரும். 57 வெள்ளம், 1978 நவம்பர் 23 சூறாவளி, 90 யுத்த இடம்பெயர்வு, 2004 சுனாமி இவைதான் இங்கே ஆண்டுக் கணக்கு. பிறகு, மூத்த பிள்ளை அப்போது எத்தனையாம் வகுப்பு என்று கேட்டு இடைவெளியைக் குறுக்கலாம். இரண்டு பேரைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒன்றாக இருத்தினால் சத்தமாகப் பேசுகிறவரின் ஆண்டே எல்லாருக்கும் ஆண்டாகிவிடும்.

காணி உறுதி சுனாமியில் போயிருந்தாலும் உறுதி எழுதிய நொத்தாரிசு அனுப்பிய இரண்டாம் பிரதியைக் காணிப் பதிவகத்தில் தேடலாம். அரச காணி என்றால் பெர்மிட் விபரம் பிரதேச செயலகத்தில். உறுதி யார் பெயரில் இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். சபை சட்டப்படி பதிவாகாத காலத்தில் காணியைப் போதகர் தன் சொந்தப் பெயரில் எழுதியிருப்பார். அவர் காலமானபின் பிள்ளைகள் உரிமை கேட்பார்கள். "உபதேச வேறுபாடு" என்று மலர்கள் சொல்லும் பிரிவினை சிலவற்றின் வேர் அந்த உறுதியில் இருக்கும்.

சட்டகக் கண்ணாடியில் ஒட்டிப்போன பழைய புகைப்படத்தை உரிக்கக் கூடாது, முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு வைத்தே, வெளிச்சம் பக்கவாட்டில் விழ, போனில் எடுக்கலாம். பின்னால் தெரியும் கூரை கிடுகா, தகரமா, ஓடா என்று பார்த்தால் காலமும் ஓரளவு பிடிபடும்.

பிரிவினையை மறைத்து எழுதினால் பதிவேட்டில் ஒரே ஆண்டில் நாற்பது பேர் எங்கே போனார்கள் என்ற கேள்வி நிற்கும். ஆண்டு, போனவர்கள் தொடங்கிய சபை, இவ்வளவு போதும். காரணத்தை இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் மட்டும் எழுதலாம். அச்சுக்குக் கொடுக்குமுன் அந்தப் பக்கத்தைப் பிரிந்துபோன சபையின் மூப்பர் ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். ஆண்டு பிழை என்றால் முதலில் பிடிப்பவர் அவர்தான்.