ஈரக் குளிரில் ஹாப்ஸ் கொடி: ஒரு பருவத்தின் நாட்குறிப்பு

மார்ச் 8

பீருக்குக் கசப்பும் மணமும் தரும் கொடி ஹாப்ஸ். அதன் அடிக்கிழங்கைச் சுற்றி மண்ணைத் தள்ளி, போன வருடத்துத் தண்டுகளையும் பக்கவாட்டில் ஓடிய வேர்க்கிழங்குகளையும் வெட்டியாயிற்று. வெட்டுவாய் வெள்ளையாக இருந்தால் கவலையில்லை. செம்பழுப்புக் கீற்று ஓடினால் உள்ளே அடிச்சாம்பல் நோய் குடியிருக்கிறது. அந்தக் கிழங்கைத் தோண்டி அப்புறப்படுத்துவதுதான் சரி. இந்தப் பூசணம் குளிர்காலம் முழுக்க மொட்டுக்குள் கிடந்து, தளிரோடு சேர்ந்தே வெளியே வரும்.

நல்ல துண்டுகளை 15 செ.மீ. நீளத்தில், தலா 2 அல்லது 3 மொட்டு இருக்கும்படி நறுக்கி, 5 செ.மீ. ஆழத்தில் படுக்கைவசமாக வைத்தோம். விதை போடுவதில்லை. கஞ்சாவும் ஹாப்ஸும் ஒரே தாவரக் குடும்பம். இதிலும் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. நாம் அறுவடை செய்யும் செதில் பூங்கொத்தான கூம்பு காய்ப்பது பெண் கொடி மட்டுமே. செடிக்குச் செடி இடைவெளி 1.5 மீட்டர். வறண்ட பகுதிகளில் 1 மீட்டர் போதும். தூறலும் மூடுபனியும் ஓயாத இடத்தில், நனைந்த இலை காய அந்த அரை மீட்டர் காற்று வேண்டும்.

ஏப்ரல் 11

முதல் தளிர்கள் 30 செ.மீ. தாண்டிவிட்டன. தடிமனாக, ஊதா நிறத்தில், பார்க்கவே ஆசையாக இருக்கும். ஆனாலும் அத்தனையையும் தரைமட்டத்தில் அறுத்துவிட்டோம். இவற்றின் தண்டு உள்ளே பொள்ளல், காற்றில் சுலபமாக முறியும். நோயைச் சுமந்து வருவதும் பெரும்பாலும் இந்த முதல் அணிதான். இரண்டு, மூன்று வாரத்தில் எழும் இரண்டாவது அணியைத்தான் கயிற்றில் ஏற்ற வேண்டும்.

ஏப்ரல் 27

தொடர்ந்து நான்கு நாள் தூறல். இரண்டு செடிகளில் அடிச்சாம்பல் நோய்த்தளிர் கண்டோம். பக்கத்துத் தளிர் முழ உயரம் நிற்கும்போது இது விரல் நீளத்தில் நின்றுவிடுகிறது. கணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி, இலைகள் வெளிறி, ஓரம் கீழ்நோக்கிச் சுருண்டிருக்கும். இலையைத் திருப்பினால் அடியில் அடுப்புக்கரி பூசியதுபோல் கருஞ்சாம்பல் படலம். அது முழுக்கப் பூசண வித்து. அப்படியே பிடுங்கினால் பறந்து பரவும். முதலில் பிளாஸ்டிக் பையால் மூடி, பைக்குள்ளேயே அடியோடு கிள்ளி எடுக்க வேண்டும். உரக்குழியில் போடக்கூடாது.

மீதிச் செடிகளுக்கு 1 சதவீத போர்டோக் கலவை என்ற பூசணக்கொல்லி. 10 லிட்டருக்கு 100 கிராம் மயில்துத்தம் (தாமிர சல்பேட்), 100 கிராம் சுட்ட சுண்ணாம்பு. 5 லிட்டர் நீரில் துத்தம், தனியாக 5 லிட்டரில் சுண்ணாம்பு; இரண்டுக்கும் பிளாஸ்டிக் வாளிதான், இரும்பு ஆகாது. துத்தநீரைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கலக்க வேண்டும், மாற்றி ஊற்றக்கூடாது. பளபளப்பான இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கிப் பார்த்தோம். செம்பு நிறம் படிந்தது. தாமிரம் மிச்சம் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்து, கத்தி சுத்தமாக வரும்வரை சரிசெய்த பிறகே அடித்தோம். காலையில் அடிப்பது முக்கியம். கலவை இலையில் மெதுவாகக் காய்ந்தால் தளிர் கருகும்.

மே 14

கயிறு ஏற்றும் நாள். தேங்காய் நார்க் கயிறு, 5.5 மீட்டர் உயரம், செடிக்கு இரண்டு. நைலானில் கொடி வழுக்கும். தண்டில் உள்ள கொக்கி முடிகள் பிடிக்கச் சொரசொரப்பு வேண்டும். கயிற்றுக்கு மூன்று தளிர், மேலிருந்து பார்த்தால் கடிகார முள் சுற்றும் திசையில். எதிர்த்திசையில் சுற்றிவிட்டால் கொடி தானே அவிழ்ந்து கீழே வரும். மிச்சத் தளிர்களை எல்லாம் அறுத்தாயிற்று. ‘இன்னும் இரண்டு விட்டால் கூடுதல் கூம்பு கிடைக்குமே’ என்று தோன்றும். கிடைக்காது, அடர்த்திதான் கிடைக்கும்.

முழுக்கை சட்டை போடாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். கொக்கி முடி கீறிய இடம் இரண்டு நாள் எரியும்.

ஜூன் 6

கொடி 3 மீட்டர் தாண்டியது. தரையிலிருந்து 1 மீட்டர் வரை இலையையும் பக்கக்கிளையையும் உருவிவிட்டோம். தெறிக்கும் மண்ணீர் இலைக்குப் போகாது, அடியில் காற்று ஓடும். மருந்து தெளிப்பதைவிட இந்த ஒரு வேலைக்குப் பலன் அதிகம்.

இலையடியில் அசுவினி வந்திருக்கிறது. குளிர்காலத்தைப் பிளம் இன மரங்களில் கழித்துவிட்டு இப்போது இங்கே இறங்கும். மிதமான குளிர்தான் அதற்கும் பிடிக்கும். சோப்புக் கரைசல், இலையின் அடிப்பக்கம் நனையும்படி.

ஜூன் 20

யூரியாவின் கடைசிப் பங்கு. வளர்ந்த செடிக்குப் பருவத்துக்கு மொத்தம் 100 கிராம், மூன்று தவணை. இதற்குமேல் தழைச்சத்து கொடுத்தால் இலை கரும்பச்சையாகப் பெருத்து, அசுவினிக்கும் சாம்பல் நோய்க்கும் விருந்தாகும். பகல் நீளம் குறையத் தொடங்கியதும் கொடி மேலே போவதை நிறுத்திப் பூவுக்குத் திரும்பும்.

ஜூலை 15

பக்கக்கிளைகளில் ஊசி ஊசியாகப் பூ. கீழ் இலை ஒன்றில் மாவு தூவியதுபோல் வெள்ளைப் புள்ளி: சாம்பல் நோய், அடிச்சாம்பல் அல்ல. இதற்கு இலை நனைய வேண்டியதே இல்லை. 18 முதல் 21 டிகிரியும் நிழலும் போதும். இளம்பூவில் ஏறினால் அது கல்லாக இறுகி, கூம்பாகவே விரியாது. நனையும் கந்தகத் தூள் லிட்டருக்கு 2 கிராம் அடித்தோம். பூ கூம்பாக மாறத் தொடங்கியபின் கந்தகம் வேண்டாம், வாசனையில் தங்கும். 30 டிகிரி தாண்டும் நாளிலும் வேண்டாம், இலை வெந்துவிடும்.

ஆகஸ்ட் 28

ஒரு கூம்பை நெடுக்காகப் பிளந்தோம். செதில்களின் அடியில் மஞ்சள் பொடி, அதுதான் கசப்பும் மணமும் தரும் லூபுலின். நிறம் இன்னும் வெளிர் மஞ்சள், வாசனையில் பச்சைப்புல். 100 கிராம் கூம்பை அடுப்பில் எடை மாறாத நிலைவரை உலர்த்தியதில் 19 கிராம் நின்றது. 20க்கும் 24க்கும் இடையில் வர வேண்டும். நுனி பழுப்பான கூம்புகளில் சாம்பல் நிறப் பஞ்சு தெரிந்தவற்றைக் கையோடு பறித்துவிட்டோம். மழை அறிவிப்பைப் பார்த்துப் பயந்து இன்றே அறுத்திருந்தால் மணமில்லாத இலைக்குவியல்தான் மிஞ்சியிருக்கும்.

செப்டம்பர் 4

அதே சோதனையில் இன்று 22 கிராம். பனி காய்ந்த பிற்பகலில் அறுவடை. அடியில் 1 மீட்டர் கொடியை விட்டுவைத்தோம்; கிழங்கு அதிலிருந்து சத்தை இழுத்துக்கொள்ளும்.

ஒரு செடியில் 2 கிலோ பச்சைக் கூம்பு. அதில் உலர்பொருள் 440 கிராம். ஈரப்பதம் 10 சதவீதத்தில் நிறுத்த, 440ஐ 0.9ஆல் வகுத்தால் 489; அத்தனை கிராமுக்கு இறங்கும்வரை உலர்த்த வேண்டும். வலைத்தட்டில் 5 செ.மீ. கனத்தில் பரப்பி, அடியிலிருந்து 45 டிகிரிக் காற்று. வெளிக்காற்றை மட்டும் நம்பினால் இந்த ஈரத்தில் பாதியில் நின்று பூசணம் பிடிக்கும். சூடாக்கியே தீர வேண்டும்.

செப்டம்பர் 5

எடை 490. செதில் நேற்று இரவே சலசலத்தது, ஆனால் நடுக்காம்பு வளைந்தது. இன்று காலை ‘டக்’கென்று ஒடிந்தது. ஒரு நாள் மூடிவைத்து ஈரம் சமமானபின் காற்று நீக்கிய பையில், உறைபெட்டியில். காற்று பட்டுக் கிடந்தால் சில மாதத்தில் பழைய பாலாடைக்கட்டி நாற்றம் வரும். நாய் இருக்கும் வீடாக இருந்தால் உதிர்ந்த கூம்பு ஒன்றுகூடத் தரையில் கிடக்க விடாதீர்கள். தின்றால் நாயின் உடற்சூடு ஏறி உயிருக்கே ஆபத்தாகும்.