காதுக்குள் ஒரு கல்

தமிழாசிரியராக இருந்தவரை நிலையாமையைப் பற்றி வகுப்பில் வாய் வலிக்கப் பேசியிருக்கிறேன். இளமை நில்லாது, செல்வம் நில்லாது, உடம்பு நில்லாது. அதையெல்லாம் நான் சொன்னபோது காலுக்குக் கீழே தரை மட்டும் ஒழுங்காக நின்றுகொண்டிருந்தது.

போன வருஷம் ஒரு விடியற்காலையில் வலது பக்கம் புரண்டு படுத்தேன். மின்விசிறி, ஜன்னல், பீரோ எல்லாம் ஒரே திசையில் ஓட ஆரம்பித்தன. கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிட்டது. அப்புறம் தலையைத் திருப்பினேன், மறுபடியும் ஓட்டம்.

பித்தம் என்று பக்கத்து வீட்டிலிருந்து இஞ்சிச் சாறு வந்தது. பிரஷராக இருக்கும் என்றார் மருந்துக்கடைக்காரர். கழுத்து எலும்புத் தேய்மானம் என்று நடைப்பயிற்சி நண்பர்கள் ஏகமனதாகத் தீர்ப்பு சொன்னார்கள். (நம் ஊரில் தலைசுற்றலுக்கு நாலாவது காரணம் கிடையாது.)

சுற்றலை விட விசித்திரம், அதன் பின்னால் வந்த மனநிலை. பேப்பர் வேண்டாம், பேச்சுத் துணை வேண்டாம், பேரனைத் தூக்கக்கூடத் தோன்றவில்லை. வயதாகிறது, பற்று விடுகிறது என்று மனைவியிடம் விளக்கினேன். "பற்றும் இல்லை, ஒண்ணும் இல்லை, சட்டையைப் போடுங்க" என்று காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப் போனாள்.

அவர் என் தலையைக் கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கும்படி சட்டென்று சாய்த்து, கண்ணையே பார்த்தார். விழிகள் துடித்தனவாம். உட்காதில் சமநிலைக்கென்று நுண்ணிய கால்சியம் கார்பனேட் படிகங்கள் இருக்கின்றன; முட்டை ஓட்டில் இருக்கும் அதே சரக்கு. அவற்றில் சில இடம் பெயர்ந்து அரைவட்டக் குழலுக்குள் விழுந்தால், அசையாத தலை சுழல்வதாக மூளைக்குச் செய்தி போகும். அமெரிக்க டாக்டர் ஜான் எப்ளி 1992இல் வெளியிட்ட முறைப்படி என் தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் கொஞ்ச நேரம் நிறுத்தி, கடைசியில் உட்கார வைத்தார். மாத்திரையே இல்லை. சில நிமிட வேலை.

வெளியே வந்ததும் பயங்கரப் பசி. எதிர்க் கடையில் மசால் வடை போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு தின்றேன், பேரனுக்கும் கட்டச் சொன்னேன். என் துறவு அதோடு சரி.

இப்போது யாராவது உலகமே மாயை என்று ஆரம்பித்தால், படுக்கையில் புரளும்போது சுற்றுகிறதா என்று கேட்க நாக்கு துறுதுறுக்கிறது. மரியாதை கருதிக் கேட்பதில்லை. இது திரும்பவும் வரலாம் என்று டாக்டர் சொல்லியிருப்பதால் பரண் ஏறும் வேலை எனக்குக் கிடையாது. அதில் எனக்கு வருத்தமும் கிடையாது.