எழும்பூரில் ஒரு பேரணி: அனுமதி மனு முதல் ஒப்புகைச் சீட்டு வரை

2022ஆம் ஆண்டு ஓர் இரவில் என் தாயார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். பக்கத்தில் இருக்கிறதே என்று ஒரு தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று முகப்பிலேயே கேட்டார்கள். எங்களிடம் இல்லை. அந்தத் திட்டத்தில் சேரக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அப்போது என் மாதச் சம்பளம் 11,500 ரூபாய், ஆண்டுக்குக் கணக்கிட்டால் வரம்பைவிட 18,000 ரூபாய் கூடுதல். அந்தப் பதினெட்டாயிரம் ரூபாய் என்னை வசதி படைத்தவளாக்கிவிட்டது. நகையை அடகு வைத்துத்தான் அறுவைச் சிகிச்சைக்குப் பணம் கட்டினேன். அரசு மருத்துவமனைக்குப் போயிருந்தால் செலவில்லாமல் முடிந்திருக்கும் என்று பிறகு பலர் சொன்னார்கள். உண்மைதான். ஆனால் நள்ளிரவில் வலியில் அலறும் தாயைக் கையில் வைத்துக்கொண்டு எவரும் அப்படி நின்று யோசிப்பதில்லை.

ஆகவே, உலகளாவிய சுகாதாரப் பாதுகாப்பு நாளான டிசம்பர் 12 அன்று, பணம் பார்க்காமல் எல்லோருக்கும் சிகிச்சை வேண்டும் என்று கேட்டு ஒரு பேரணி நடத்தலாம் என்று எங்கள் பகுதிச் செவிலியர்கள் சிலரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலரும் பேசத் தொடங்கியபோது, அதுவரை எந்த ஊர்வலத்திலும் நடந்திராத நானும் போய் உட்கார்ந்தேன். கணக்கு எழுதுவது என் வேலை என்பதால் விண்ணப்பம் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

சென்னையில் நினைத்த இடத்தில் நினைத்த நாளில் கூட முடியாது. மாநகரக் காவல் சட்டத்தின் 41ஆம் பிரிவின்கீழ் முன்அனுமதி பெற வேண்டும். நாங்கள் பத்து நாட்களுக்கு முன்பே மனு கொடுத்தோம். முதலில் மெரினா கடற்கரைச் சாலை என்று எழுதியிருந்தோம். அங்கே போராட்டங்களுக்கு இடமில்லை என்பதை அறியாத ஒரே கூட்டம் நாங்களாகத்தான் இருந்திருப்போம். மனுவைத் திருத்தி, எழும்பூர் ராஜரத்தினம் மைதானத்திலிருந்து லேங்ஸ் கார்டன் சாலைச் சந்திப்பு வரை என்று மாற்றினோம். ஊர்வலங்களுக்கு வழக்கமாக ஒதுக்கப்படும் தடம் அது. எத்தனை பேர் வருவார்கள், தலைமை யார், எந்த நேரத்தில் கலைவீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். நூற்றைம்பது பேர் என்று எழுதியிருந்ததைப் பார்த்த காவல் அதிகாரி, "நூத்தைம்பதுன்னு எழுதியிருக்கீங்க, ஐந்நூறு பேர் வந்துட்டா யாரும்மா பொறுப்பு?" என்றார். அப்படி ஒரு கவலை எங்களுக்கு வர வேண்டுமே என்று நான் மனத்துக்குள் நினைத்துக்கொண்டேன். கூம்பு ஒலிபெருக்கி கூடாது, சாலையின் ஒரு பக்கத்தை விட்டு விலகக் கூடாது, பதாகைகளைத் தடியில் கட்டக் கூடாது என்ற நிபந்தனைகளோடு முந்தைய நாள் மாலைதான் அனுமதிக் கடிதம் கைக்கு வந்தது. முந்நூறு அட்டைகளை மூங்கில் குச்சியில் ஆணியடித்து முடித்திருந்தோம். அன்றிரவு பதினொரு மணி வரை குறடு கொண்டு ஆணிகளைப் பிடுங்கிவிட்டு, அட்டையின் இரு முனைகளிலும் துளையிட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளச் சணல் கோத்தோம்.

முழக்கம் எழுதுவது அதைவிடக் கடினமாக இருந்தது. "அனைவருக்குமான சுகாதாரப் பாதுகாப்பை அடிப்படை உரிமையாகச் சட்டமியற்றி அறிவித்திடு" என்று ஆசிரியர்கள் எழுதிய வரியை ஒத்திகையில் ஒருவராலும் ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. மூலையில் சணல் திரித்துக்கொண்டிருந்த, வீட்டு வேலை செய்யும் ஓர் அக்கா, "காய்ச்சல் கேக்குமா வருமானச் சான்று?" என்றார். அதற்குமேல் விவாதம் நடக்கவில்லை.

பேரணி நாளன்று காலையில் மழை. நூற்றைம்பது என்று எழுதிக் கொடுத்தவர்கள் ஏறக்குறைய தொண்ணூறு பேராக நடந்தோம். நாங்கள் நடந்த சாலைக்கு ருக்மணி லட்சுமிபதி சாலை என்று பெயர். பல ஆண்டுகள் அந்த வழியே பேருந்தில் போயிருந்தும் அவர் யார் என்று நான் கேட்டதில்லை. பக்கத்தில் நடந்துவந்த ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்தான் சொன்னார். 1930இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றவர். 1946இல் பிரகாசம் அமைச்சரவையில் பொதுச் சுகாதாரத் துறையை ஏற்று, சென்னை மாகாணத்தின் முதல் பெண் அமைச்சரானவர். அதே 1946இல்தான், நாட்டின் சுகாதார நிலையை ஆராய ஆங்கிலேய அரசு ஜோசப் போர் (Bhore) என்பவர் தலைமையில் அமைத்த குழு தன் அறிக்கையைக் கொடுத்தது. பணம் கொடுக்க இயலவில்லை என்பதற்காக எவருக்கும் சிகிச்சை கிடைக்காமல் போகக் கூடாது என்ற கொள்கையை அது முன்வைத்தது. சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல்வராக இருந்த லட்சுமணசாமி முதலியார் அந்தக் குழுவின் உறுப்பினர்களுள் ஒருவர். சுதந்திரத்துக்கு முன்பே எழுதி வைத்துவிட்ட ஒன்றைத்தான், மழையில் எழுத்து கரைந்து வழியும் அட்டைகளில் நாங்கள் மறுபடியும் கேட்டுக்கொண்டிருந்தோம் என்று அப்போது எனக்குப் புரிந்தது.

லேங்ஸ் கார்டன் சந்திப்பில் ஐந்து பேர் பேசினார்கள். இரண்டு பேர் பேசியிருந்தால் போதும். பேசியவர்களுள் ஒரு செவிலியர் சொன்னது மட்டும் மனத்தில் நின்றது. தமிழ்நாட்டில் ஒன்றுமே இல்லை என்று பேசுவது பொய் என்று அவர் தொடங்கியபோது கூட்டம் சற்று நெளிந்தது. 1994இல் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகத்தால் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து ஒழுங்காக வருகிறது. 2021இல் வந்த மக்களைத் தேடி மருத்துவத்தால் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே போகின்றன. இவையெல்லாம் திட்டங்கள், திட்டம் என்பது அரசு மனம்வைக்கும் வரை. 2017ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரக் கொள்கை, 2025க்குள் பொதுச் செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காடாக உயர்த்துவோம் என்று எழுதியது. எழுதியதை நிறைவேற்றவில்லை என்று எந்த நீதிமன்றத்திலும் போய்க் கேட்க முடியாது. ராஜஸ்தான் 2023 மார்ச்சில் சுகாதார உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியதைப்போல இங்கும் சட்டம் வேண்டும் என்றார். அந்தச் சட்டத்தை எதிர்த்துத் தனியார் மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்ததையும் மறைக்காமல் சொன்னார்.

பன்னிரண்டரை மணிக்குக் கலைந்தோம். அனுமதிக் கடிதத்தில் ஒரு மணி என்றுதான் இருந்தது. சாலையில் கிடந்த அட்டைகளையும் தண்ணீர்ப் புட்டிகளையும் பொறுக்கிச் சாக்கில் கட்டிய பிறகு, நான்கு பேராகப் போய் உரிய அலுவலகத்தில் மனுவைக் கொடுத்தோம். அலுவலகத்தின் பெயர் இங்கே தேவையில்லை. மூன்று பக்க மனு அது: வருமான வரம்பு நீங்க வேண்டும், உள்நோயாளியாகச் சேராதவர்களின் செலவும் கணக்கில் வர வேண்டும், இவற்றைச் சட்டமாக்க வேண்டும். அங்கிருந்தவர் முதல் பக்கத்தை மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டு முத்திரை குத்தி, எண் எழுதிய ஒப்புகைச் சீட்டைக் கொடுத்தார்.

மூன்று வாரம் கழித்து என் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. மருத்துவக் காப்பீட்டு அட்டை கேட்டு நான் அளித்த மனு பரிசீலிக்கப்பட்டதாகவும், கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று நேரில் வருமாறும் அதில் எழுதியிருந்தது. அதை அந்த அக்காவிடம் படித்துக் காட்டினேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், பிறகு, "அடுத்த மனுவ எப்ப எழுதப் போற?" என்று கேட்டார்.