மாட்ரிட், நவம்பர்

நவம்பர் 6
இன்சூரன்ஸ்காரர்கள் எழுத்தில் கேட்கிறார்கள். அம்மா எப்படி விழுந்தார், யார் பார்த்தது, நீங்கள் எத்தனை மணிக்கு வந்தீர்கள். வாயால் என்றால் டாக்டரிடம் கடகடவென்று சொல்லிவிட்டேன். காகிதம் வேறு.

நவம்பர் 7
ஆபரேஷன் தள்ளிப்போகிறது. ரத்தம் இளக்கும் மாத்திரை உடம்பை விட்டுப் போகணுமாம்.

நவம்பர் 8
கட்டிலோரம் உட்கார்ந்து படிவம், ஸ்பானிஷில். மணி அடித்தேன்: வினை தொகார், ‘நான்’ என்றால் தொகே. ஈ-க்கு முன்னால் சி நின்றால் இந்த ஊரில் நாக்கைப் பல்லிடுக்கில் வைத்து ‘தே’ என்பார்கள். ‘கே’ வேண்டுமென்றால் சி-யைத் தூக்கிவிட்டு கியூ, யூ. வந்து சேர்ந்தேன், யெகே: ஜி-க்கும் ஈ-க்கும் நடுவில் ஒரு யூ, இல்லாவிட்டால் ‘யெஹே’. கூப்பிடத் தொடங்கினேன், எம்பெதே: ஸெட் போய் சி. ஸெட்டே இருந்தாலும் ஓசை அதுதான், ஆனால் ஈ-க்கு முன்னால் ஸெட் போடும் வழக்கம் இவர்களுக்குக் கிடையாது. இத்தனை கூத்தும் ‘நான்’ வரும் இடத்தில் மட்டும். நீ, அவர், அவர்கள் எல்லாரும் பழைய எழுத்தோடு சௌகரியமாக இருக்கிறார்கள்.

தமிழில் எழுதிப் பார்த்தேன். தொகே, யெகே. ஒரே க. வம்பே தெரியவில்லை.

எத்தனை மணிக்கு யெகே?

நவம்பர் 9
அம்மா கொஞ்சம் தயிர் சாப்பிட்டாள்.

நவம்பர் 11
அம்மா விழுந்தாள்: செ காயோ. இரண்டு உயிரெழுத்துக்கு நடுவே ஐ மாட்டிக்கொண்டால் ஒய். எதிர்வீட்டுப் பாட்டிக்குச் சத்தம் கேட்டது: ஓயோ, அதே ஒய். நாற்காலி கொண்டுவந்ததும் அவர்தான், ஆனால் ‘த்ராயோ’ கிடையாது, த்ராஹோ. அதற்கு வேரே வேறு.

பாட்டி சாட்சியாக இரண்டு வரி எழுதிக் கொடுத்திருக்கிறார். ஃபுயே, வியோ இரண்டிலும் கடைசி எழுத்தின் தலையில் சாய்கோடு. 1959-இலேயே ஸ்பானிஷ் மொழி அகாடமி எடுத்துவிட்ட கோடு. அதற்கு முன் பள்ளியில் பழகிய கை. அழகாக இருக்கிறது. சத்தம் கேட்ட நேரத்தையும் எழுதியிருக்கிறார். அந்த வரியை மட்டும் நான் வேகமாகத் தாண்டிவிடுகிறேன்.

“என்னடி முணுமுணுக்கிறே?”
“நீ விழுந்த கதைதாம்மா.”
“எத்தனை தரம் சொல்லுவே? படி ஈரமா இருந்துது. அவ்வளவுதான்.”

நவம்பர் 12
விசாரித்தேன், அவெரிகுவே. யூ-வின் மேல் இரண்டு புள்ளி. புள்ளி இல்லாத யூ அந்த இடத்தில் ஊமை. இந்த ஒரு சொல் பிடித்திருக்கிறது.

நேரக் கட்டம் காலி.

நவம்பர் 13
நாளைக் காலை முதல் கேஸ். ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் தண்ணீர்கூடக் கூடாது. மாத்திரைச் சீட்டை மறுபடி கேட்கிறார்கள், எடுத்துக்கொண்டு